உல்லாசக் கப்பலை எடைபோடுவது எப்படி?

இரண்டு விளம்பரத் தாள்கள் உங்கள் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் உல்லாசக் கப்பல் நிறுவனங்கள் வெளியிட்டவை. ஒன்று, "இருபது தளங்கள், ஏழு நீச்சல் குளங்கள், கடலில் மிதக்கும் நகரம்!" என்கிறது. மற்றொன்று, "கூட்டம் இல்லை, இரைச்சல் இல்லை, பனிப்பாறைக்குப் பக்கத்திலேயே போகலாம்!" என்கிறது. இரண்டிலும் கடல் நீலமாக இருக்கிறது. இரண்டிலும் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இவற்றுள் எது நல்ல கப்பல்?

இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. 'லாரி நல்லதா, சைக்கிள் நல்லதா?' என்று கேட்பது போன்றது இது. மூட்டை ஏற்றவா, பள்ளிக்குப் போகவா என்று தெரிந்தால்தானே பதில் சொல்ல முடியும்? கப்பலும் அப்படித்தான். ஒப்பிடுவதற்கு முன், எதற்காக ஒப்பிடுகிறோம், எந்த அளவுகோலால் ஒப்பிடுகிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். அளவுகோல் பிசகினால் பணம் வீணாவது மட்டுமன்று; உயிரே போகலாம். அதற்கும் கப்பல் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் கப்பல்

முற்காலத்தில் மக்கள் கப்பலில் ஏறியது ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போய்ச் சேர்வதற்காகத்தான். பயணமே இன்பமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே கப்பல் கட்டிய பெருமை ஜெர்மனியின் ஆல்பர்ட் பாலின் என்பவரைச் சேரும். அவருடைய நிறுவனம் 1900ஆம் ஆண்டில் 'பிரின்செஸின் விக்டோரியா லூயிஸ' என்ற கப்பலை நீரில் இறக்கியது. உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட முதற் கப்பல் இதுவே என்பர்.

1958இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக் பெருங்கடலைச் சில மணி நேரத்தில் கடக்கத் தொடங்கின. பல நாள் பயணம் செய்யும் பெரிய கப்பல்களுக்கு அதன்பின் ஆள் குறைந்துவிட்டது. போய்ச் சேரும் வேலையை விமானம் எடுத்துக்கொண்டது. சுற்றிக்காட்டும் வேலை கப்பலுக்கு மிஞ்சியது. இன்றைய உல்லாசக் கப்பல் தொழில் அப்படி வளர்ந்ததே.

இப்போது நாம் ஒப்பிடுவதற்கு மூன்று கப்பல்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, 'ஐகான் ஆஃப் த சீஸ்'. ராயல் கரீபியன் நிறுவனத்துக்காகப் பின்லாந்து நாட்டில் கட்டப்பட்டது. 2024 ஜனவரியில் பயணிகளுடன் புறப்பட்டபோது உலகின் மிகப் பெரிய பயணிகள் கப்பல் அதுவே. நீளம் சுமார் 365 மீட்டர். மொத்த டன் 2,48,663.

இரண்டாவது, 'குயின் மேரி 2'. கியூனார்ட் நிறுவனத்துக்காகப் பிரான்ஸில் கட்டப்பட்டு, 2004இல் பயணம் தொடங்கியது. நீளம் 345 மீட்டர். மொத்த டன் 1,49,215.

மூன்றாவது, 'ரோல் அமுண்ட்சென்'. துருவப் பகுதிகளுக்குச் செல்வதற்காக நார்வேயில் கட்டப்பட்டு, 2019இல் கடலுக்கு வந்தது. நீளம் 140 மீட்டர். மொத்த டன் 20,889.

டன் என்பது எடையன்று

2,48,663 டன் என்றதும், அந்தக் கப்பலைத் தராசில் வைத்தால் அவ்வளவு கனக்கும் என்றுதானே எண்ணினீர்கள்? அப்படியன்று. இந்த 'மொத்த டன்' எடையைக் குறிப்பதே இல்லை, இடத்தைக் குறிக்கிறது. அதாவது கப்பலுக்குள் அடைபட்ட கன அளவைக் காட்டும் எண் இது.

இந்தப் பெயர் எப்படி வந்தது? பழைய நாளில் ஐரோப்பியத் துறைமுகங்களில், ஒரு கப்பல் எத்தனை மதுப் பீப்பாய்களை ஏற்றும் என்று எண்ணியே வரி விதித்தார்கள். அந்தப் பெரிய பீப்பாய்க்கு 'டன்' என்று பெயர். பீப்பாய் போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் 100 கன அடி இடத்தை ஒரு டன் என்று கொண்டார்கள். 1969இல் உலக நாடுகள் கூடி ஒரு பொதுச் சூத்திரத்தை ஏற்றன. 1982 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. அந்தச் சூத்திரம் இதுதான்:

மொத்த டன் = கன அளவு × (0.2 + 0.02 × கன அளவின் மடக்கை)

கன அளவைக் கன மீட்டரில் எடுத்துக்கொள்ள வேண்டும். மடக்கை 10ஐ அடியாகக் கொண்டது. ஒரு கப்பலின் உள்ளிடம் 1,00,000 கன மீட்டர் என்றால், அதன் மடக்கை 5. எனவே அடைப்புக்குறிக்குள் 0.3 கிடைக்கும், மொத்த டன் 30,000. இதே முறையில் பின்னோக்கிக் கணக்கிட்டால், ஐகான் கப்பலின் உள்ளிடம் ஏறத்தாழ 7,80,000 கன மீட்டர் என்று வரும்.

ஓர் ஆளுக்கு எவ்வளவு?

இடம் பெரிதென்றால் வசதியும் பெரிதா? அவசரப்பட வேண்டாம். பத்துப் பேர் இருக்கும் பெரிய வீட்டை விட, இருவர் இருக்கும் சிறிய வீடு விசாலமாக இருக்கக்கூடும். ஆகவே மொத்த டன்னைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கப்பல் தொழிலில் இருப்பவர்களும் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள்.

அறைக்கு இருவர் வீதம் ஐகானில் 5,610 பயணிகள். வகுத்தால் 44 வருகிறது. குயின் மேரி 2இல் 2,691 பயணிகள், விடை 55. ரோல் அமுண்ட்செனில் 530 பயணிகள், விடை 39. பார்த்தீர்களா? பெரிய கப்பல் நெரிசலாக இருக்கும், சிறிய கப்பல் விசாலமாக இருக்கும் என்ற எண்ணமும் சரியில்லை. அதற்கு நேர்மாறான எண்ணமும் சரியில்லை. நடுத்தரக் கப்பல் அல்லவா முந்திவிட்டது!

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல அறைகளில் மூன்றாவது, நான்காவது படுக்கையும் உண்டு. எல்லாம் நிரம்பினால் ஐகானில் 7,600 பேர் பயணம் செய்யலாம். அப்போது 44 என்ற எண் 33 ஆகச் சுருங்கிவிடும். அந்தப் படுக்கைகள் எப்போது நிரம்பும்? குடும்பங்கள் பிள்ளைகளோடு வரும் பள்ளி விடுமுறைக் காலத்தில்! கப்பல் ஒன்றே, ஆனால் எந்த மாதத்தில் ஏறுகிறோம் என்பதைப் பொறுத்து நெரிசல் மாறுகிறது.

இந்த எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. இயந்திர அறை, சமையற்கூடம், பணியாளர் அறைகள் யாவும் மொத்த டன்னுக்குள் அடக்கம். ஆகவே 55 என்றால் உங்கள் அறை பெரிது என்று பொருளன்று. மொத்தத்தில் கப்பல் விசாலமானது என்று மட்டுமே பொருள்.

வேகத்தின் விலை

குயின் மேரி 2க்கு ஏன் அவ்வளவு இடம்? அது வெறும் உல்லாசக் கப்பலன்று. சவுதாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே அட்லாண்டிக் பெருங்கடலைக் கடப்பதற்கென்று கட்டப்பட்டது. அலைகளை அறுத்துச் செல்லக் கூரிய முன்பகுதி, உறுதி மிக்க உடல், மணிக்கு 30 கடல் மைல் வரை செல்லும் ஆற்றல் ஆகியவை அதற்கு உண்டு. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். ஐகானின் வேகம் மணிக்குச் சுமார் 22 கடல் மைல். தீவுக்குத் தீவு போய்வருவதற்கு அது போதும்.

22க்கும் 30க்கும் பெரிய வித்தியாசமில்லை என்று தோன்றலாம். ஆனால் கப்பலைத் தள்ளத் தேவைப்படும் திறன், ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கேற்ப உயர்கிறது. ஒரே கப்பலை 22 கடல் மைலுக்குப் பதில் 30 கடல் மைல் வேகத்தில் செலுத்தினால், தேவைப்படும் திறன் சுமார் இரண்டரை மடங்காகிவிடும்.

இந்த உண்மையை விளக்க ஒரு கப்பலின் கதையே போதும். 1962இல் பிரான்ஸ் நாடு 'பிரான்ஸ்' என்ற பெயரிலேயே 316 மீட்டர் நீளமுள்ள அழகிய கப்பலை அட்லாண்டிக்கில் ஓட்டியது. மணிக்கு 30 கடல் மைலுக்கு மேல் ஓடக்கூடியது அது. எரிபொருள் விலை ஏறியதும் அதை ஓட்ட முடியவில்லை. 1979இல் நார்வே நிறுவனம் ஒன்று அதை வாங்கி, 'நார்வே' என்று பெயரிட்டு, மறு ஆண்டே கரீபியன் கடலில் உல்லாசக் கப்பலாக விட்டது. என்ன மாற்றம் செய்தார்கள் தெரியுமா? கப்பலைத் தள்ளும் நான்கு புரொப்பல்லர்களில் இரண்டை அகற்றினார்கள். இரண்டு இயந்திர அறைகளில் ஒன்றை மூடிவிட்டார்கள். வேகம் குறைந்தது, எரிபொருட் செலவு அதைவிட வெகுவாகக் குறைந்தது. அட்லாண்டிக்குக்குப் பொருந்தாமற்போன கப்பல், கரீபியனுக்குப் பொருந்திவிட்டது.

ஆனாலும் ஒரு குறை தீரவில்லை. பெருங்கடலுக்கென்று கட்டப்பட்டதால் அது நீரில் ஆழமாக அமிழ்ந்து மிதந்தது. கரீபியன் தீவுகள் பலவற்றின் துறைமுகங்களில் அவ்வளவு ஆழமில்லை. ஆகவே கப்பல் வெளியே நிற்க, இரண்டு பெரிய படகுகளில் பயணிகளைக் கரை சேர்க்க வேண்டியிருந்தது.

ஆட்டம் தாங்குமா?

கடற்பயணத்தில் பலருக்கும் உள்ள அச்சம் வாந்தியும் தலைச்சுற்றலும். இதற்கும் அளவு உண்டு. 1974இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, ஏறத்தாழ ஐந்தாறு வினாடிக்கு ஒரு முறை மேலும் கீழுமாக ஏறி இறங்கும் ஆட்டமே மனிதரை மிகவும் குமட்டச் செய்கிறது என்று காட்டியது.

அலைகளைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆழ்கடலில், ஓர் அலைமுகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலுள்ள நேரத்தை வினாடியில் எடுத்து, அதை இருமடியாக்கி, 1.56ஆல் பெருக்கினால், அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 8 வினாடி அலை என்றால் நீளம் சுமார் 100 மீட்டர். 365 மீட்டர் நீளக் கப்பல் ஒரே நேரத்தில் மூன்று முகடுகளுக்கு மேல் தாங்கி நிற்கும். அதனால் அதிகம் ஏறி இறங்காது. 140 மீட்டர் கப்பலோ ஒன்றரை அலைக்குள் அடங்கிவிடும். அலையோடு சேர்ந்து அதுவும் ஏறி இறங்கும். அப்படிப்பட்ட சிறிய கப்பல்கள்தாம் உலகிலேயே கொந்தளிப்பு மிக்க தென்கடலுக்கும் போகின்றன!

பக்கவாட்டு ஆட்டம் வேறு வகை. தஞ்சாவூர்ப் பொம்மையைச் சாய்த்துவிட்டால் என்ன செய்கிறது? அடியில் கனம் இருப்பதால் வெடுக்கென்று நிமிர்கிறது. கப்பலின் அடியில் கனம் மிகுதியானால் அதுவும் அப்படி வெடுக்கென்று நிமிரும். கவிழாது, ஆனால் பயணிகள் தடுமாறி விழுவார்கள். கனம் மேலே ஏறினால் ஆட்டம் மெதுவாகவும் இதமாகவும் இருக்கும். அளவு மீறினால் கவிழும் ஆபத்து உண்டு. கப்பல் வடிவமைப்பவர் இந்த இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். ஆட்டத்தைக் குறைக்க, நீருக்கடியில் இருபுறமும் மீன் துடுப்புப் போன்ற தகடுகளையும் நீட்டுகிறார்கள். அவற்றின் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது; கப்பல் பாதி வேகத்தில் போனால் கால் பங்கு விசையே கிடைக்கும்.

சீசாப் பலகையின் நடுவில் உட்கார்ந்தவர் ஏறி இறங்குவதில்லை அல்லவா? கப்பலிலும் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் உள்ள அறையில் ஆட்டம் குறைவு. பெரும்பாலும் அங்கே கட்டணமும் குறைவு.

ஊர் இடம் கொடுக்குமா?

கப்பலுக்கு உங்களைப் பிடித்திருந்தால் மட்டும் போதாது. போகும் ஊருக்கும் கப்பலைப் பிடித்திருக்க வேண்டும். இத்தாலியின் வெனிஸ் நகரத்தில், புகழ்பெற்ற சான் மார்கோ சதுக்கத்தின் முன்னால் பெரிய கப்பல்கள் போய்வந்தன. அவற்றால் பழைய நகருக்கும் காயலுக்கும் கேடு என்று மக்கள் பல்லாண்டு போராடினார்கள். 2021 ஆகஸ்ட் 1 முதல், 25,000 மொத்த டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களும் 180 மீட்டருக்கு மேல் நீண்ட கப்பல்களும் அந்த வழியே செல்லத் தடை விதிக்கப்பட்டது. நம் மூன்று கப்பல்களில் எது அந்த அளவுக்குள் அடங்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

அண்டார்டிகாவில் விதி இன்னும் கடுமை. 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பலிலிருந்து எவரும் கரையில் இறங்கக் கூடாது. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. பெங்குவின்கள் குஞ்சு பொரிக்கும் இடமாயிற்றே! 530 படுக்கைகள் உள்ள ரோல் அமுண்ட்சென் அங்கே போகும்போது 500 பேருக்கு மேல் ஏற்றாததன் காரணம் இதுதான். 500 பேர் இருந்தால் ஐந்து அணிகளாகப் பிரிந்து முறை வைத்து இறங்க வேண்டும். 100 பேர் மட்டும் ஏறும் கப்பலில் எல்லாரும் ஒருங்கே இறங்கலாம். அங்கே கரையில் நிற்கும் நேரமே பயணத்தின் பயன்.

புகையும் ஒரு செய்தி. கசடு நிறைந்த கனரக எண்ணெயை அண்டார்டிகக் கடலில் பயன்படுத்தவும் கொண்டுசெல்லவும் 2011 ஆகஸ்ட் முதல் தடை இருக்கிறது. ஐகான் திரவ இயற்கை வாயுவால் இயங்குகிறது. அதில் கந்தகப் புகை இல்லை. கரியமில வாயுவும் குறைவு. ஆனால் எரியாமல் தப்பும் மீத்தேன், கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆகவே 'தூய்மையான எரிபொருள்' என்ற விளம்பரத்தைப் பார்த்தால், எந்தக் கணக்கில் தூய்மை என்று கேட்க வேண்டும்.

தவறான அளவுகோல்

முன்னே சொன்ன சான்றுக்கு வருவோம். 1894இல் பிரிட்டிஷ் அரசின் வணிகத் துறை, கப்பலில் எத்தனை உயிர்காப்புப் படகுகள் இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் வகுத்தது. எத்தனை பேர் பயணம் செய்கிறார்கள் என்று அது கேட்கவில்லை. கப்பல் எத்தனை டன் என்று கேட்டது. அதிலும் 10,000 டன்னோடு பட்டியல் நின்றுவிட்டது. அதற்கு மேற்பட்ட எந்தக் கப்பலுக்கும் 16 படகுகள் போதும்.

1912இல் புறப்பட்ட டைட்டானிக் 46,328 டன். சட்டம் கேட்ட 16க்கு மேலேயே, 20 படகுகள் அதில் இருந்தன. அவற்றில் மொத்தம் 1,178 பேருக்கு இடம். கப்பலில் இருந்தவர்களோ சுமார் 2,200 பேர். ஏப்ரல் 15ஆம் நாள் விடியுமுன் கப்பல் மூழ்கியது. சுமார் 1,500 பேர் மாண்டனர். சட்டம் மீறப்படவில்லை, சட்டத்தின் அளவுகோல்தான் தவறு. ஆட்களை எண்ண வேண்டிய இடத்தில் டன்னை எண்ணினார்கள்.

1914இல் லண்டனில் கூடிய நாடுகள், கடலில் உயிர்களைக் காப்பதற்கான முதல் உலக உடன்படிக்கையைச் செய்தன. படகுகளை ஆட்களின் எண்ணிக்கைப்படி வைக்க வேண்டும் என்றாயிற்று. இன்று நெடும்பயணம் செல்லும் கப்பலில் படகுகளும் மிதவைகளுமாகச் சேர்த்து எல்லாருக்கும் இடம் இருப்பதோடு, இன்னும் 25 விழுக்காடு கூடுதலாகவும் இருக்க வேண்டும்.

எண்ணிக்கை சரியானால் போதுமா? 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜீலியோ தீவருகே 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதியது. கப்பலில் 4,229 பேர். படகுகள் போதுமான அளவு இருந்தன. ஆனால் கப்பலை விட்டு வெளியேறும் உத்தரவு தாமதமாக வந்தது. கப்பல் சாய்ந்ததால் படகுகளை இறக்குவதும் கடினமாயிற்று. அன்று மாலைதான் ஏறிய பயணிகளுக்குத் தப்பிக்கும் பயிற்சி நடக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. 32 பேர் இறந்தனர். 2015 முதல், கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடனேயே பயிற்சி நடத்த வேண்டும் என்று விதி மாறிவிட்டது. ஆகவே எந்தக் கப்பலில் ஏறினாலும், நீச்சல் குளத்தைத் தேடுமுன் உங்கள் படகு எங்கே என்று பாருங்கள்.

பெயரும் மதிப்பெண்ணும்

நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யலாமா? கியூனார்ட், பிரின்செஸ், ஹாலண்ட் அமெரிக்கா, கோஸ்டா என்று பல பெயர்கள் இருந்தாலும், இவை யாவும் கார்னிவல் என்னும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. ஒரே பெயரில் ஓடும் இரண்டு கப்பல்கள் வயதிலும் அளவிலும் முற்றிலும் வேறுபடலாம். ஆகவே பெயரை அன்று, கப்பலையும் வழியையும் ஒப்பிடுங்கள்.

விளம்பரத்தில் வராத ஒரு மதிப்பெண்ணும் உண்டு. ஆயிரக்கணக்கானோர் ஒரே கூடத்தில் உண்ணும்போது நோரோ வைரஸ் போன்ற வயிற்று நோய்க் கிருமிகள் விரைவில் பரவும். அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம், 1975இல் கப்பல் சுகாதாரத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றிக் கப்பலில் ஏறி, குடிநீர், சமையற்கூடம், நீச்சல் குளம் எல்லாவற்றையும் சோதித்து 100க்கு மதிப்பெண் இடுவார்கள். 85 அல்லது அதற்குக் கீழே போனால் தோல்வி. அந்த மதிப்பெண்களை எவரும் பார்க்கலாம்.

கட்டணத்தையும் வகுத்தே பார்க்க வேண்டும். மொத்தத் தொகையை இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்து, அதனுடன் பணியாளர்க்கான அன்பளிப்பு, கரையில் சுற்றிப்பார்க்கும் செலவு ஆகியவற்றையும் கூட்டினால்தான் உண்மை விலை தெரியும்.

நீங்களே கணக்கிடுங்கள்

1. ஒரு கப்பல் 90,000 மொத்த டன். அறைக்கு இருவர் வீதம் 2,000 பயணிகள்; எல்லாப் படுக்கையும் நிரம்பினால் 2,600 பேர். ஓர் ஆளுக்குரிய இடத்தின் எண் இரண்டு நிலையிலும் என்ன?

2. ஒரு கப்பல் தன் வேகத்தை 20 கடல் மைலிலிருந்து 18ஆகக் குறைக்கிறது. அதே தொலைவுக்கு, கப்பலைச் செலுத்தும் எரிபொருள் எவ்வளவு மிச்சம்? (திறன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது, ஆனால் பயண நேரம் கூடுகிறது என்பதை மறக்க வேண்டாம்.)

3. உங்கள் வகுப்பறையின் கன அளவை அளந்து, மாணவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். பக்கத்து வகுப்போடு ஒப்பிடுங்கள். உங்கள் பள்ளிப் பேருந்துக்கும் இதே கணக்கைப் போடலாம்.

விடைகள்: 1. முதலில் 45, நிரம்பிய பின் சுமார் 35. 2. சுமார் 19 விழுக்காடு. 3. அளவுநாடாவை எடுத்தால் விடை உங்கள் கையில்!